பிரசெல்ஸ்காரன்தான் செய்தான் எண்டு சொல்லுறது லேசு

திருகோணமலையில இருந்துகொண்டு, பிரசெல்ஸ்ல தலைமையகம் வச்சிருக்கிற ஐரோப்பிய யூனியனைப் பற்றி இவனுக்கு என்ன கதை எண்டு நினைக்கிற ஆக்களுக்கு முதல்ல மீன் கதை சொல்லுறன். 2014 ஒக்டோபர்ல யூனியன்ட நிர்வாக சபையான கமிஷன் ஒரு அறிவிப்பு விட்டுது, இலங்கைப் படகுகள் பிடிக்கிற மீன் இனி எங்கட சந்தைக்கு வரக்கூடாது எண்டு. 2015 ஜனவரியில தடை நடைமுறைக்கு வந்துட்டுது. அதுக்கு முதல் 2013ல மட்டும் 7 கோடி 40 லட்சம் யூரோவுக்கு இந்த நாட்டு மீன் அங்க போயிருக்கு, ஐஸ்ல போற டூனாவும் வாள்மீனும் விக்கிறதுல இலங்கை ரெண்டாம் இடம். இங்க கொட்பே துறைமுகத்துல நிக்கிற நெடுநாள் படகுகளைப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், அவங்க நாள்கணக்கா ஆழ்கடல்ல கிடந்து வாறது உள்ளூர்ச் சந்தைக்குக் கூறு போட்டு விக்க இல்ல. ஏற்றுமதிக்குப் போற மீனும் இங்கயே கொட்டினா விலை எங்க போய் நிக்கும்?

தடை அநியாயம் எண்டு சொல்ல வரல்ல. 2012 நவம்பர்லயே மஞ்சள் அட்டை, அதாவது முறையான எச்சரிக்கை, காட்டிட்டாங்க, சர்வதேசக் கடல்ல போற படகு எங்க நிக்குது எண்டு பாக்க ஒழுங்கு இல்ல, களவாப் பிடிக்கிறவனுக்குத் தண்டனை காணாது, இந்து சமுத்திர டூனா ஆணைக்குழுட விதியள மதிக்கிறீங்க இல்ல எண்டு. ரெண்டு வருசம் கொழும்பு அசைஞ்சு குடுத்தது போதாது, தடை வந்து கழுத்துல விழுந்த பிறகுதான் படகுக்குப் படகு, எங்க நிக்குது எண்டு காட்டுற வீஎம்எஸ் கருவி பூட்டுற வேலை வேகமா நடந்துது, 2016 ஜூன்ல தடையும் எடுபட்டுது. என்ட பார்வையில அதுல பாதிப் பழி எங்கட பக்கம்.

ஆனா அப்ப இருந்தே எனக்கு ஒரு கேள்வி. இந்த முடிவை எடுத்தது ஆர்? கமிஷன் பரிந்துரைச்சது சரி, கடைசியாக் கையைத் தூக்கினது ஆர், அவனை ஆர் கேள்வி கேக்கலாம்? சட்டத்தைத் தேடிப் பாத்தா, கமிஷன் முன்மொழியும், கவுன்சில் வோட்டுப் போடும். கவுன்சில் எண்டா அந்தந்த நாட்டு அமைச்சர்மார் கூடுற சபை. சனம் நேரா வோட்டுப் போட்டு அனுப்புற ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு அந்தத் தடையில வேலையே இல்ல.

இதை டோர்ட்முண்ட்ல இருக்கிற மச்சானிட்டச் சொன்னன். அவன் போய் கனகாலம், ஜேர்மன் சிட்டிசன். "அதைத்தான்டா நானும் சொல்லுறன், எல்லாம் பிரசெல்ஸ்தான் முடிவெடுக்குது, எங்கட வோட்டுக்கு என்ன மதிப்பு" எண்டான். அவன்ட மகளுக்கு 2024 ஜூன்ல வயசு 17, ஜேர்மனியில அந்தத் தேர்தல்ல இருந்து 16 வயசுக்காரரும் வோட்டுப் போடலாம் எண்டு ஆக்கினதால போய்ப் போட்டுட்டு வந்திருக்கிறா. தகப்பன் போகல்ல! மகள் போனை வாங்கி, "மாமா, அப்பா வீட்டுல இருந்துகொண்டு சும்மா திட்டுவார்" எண்டு போட்டுக் குடுத்தா. அந்தத் தேர்தல்ல முழு யூனியனுக்கும் 100க்கு 51 பேர் கூட வரல்ல, குரோஷியாவுல 21 பேர்தான், அப்ப மச்சான் தனி ஆள் இல்ல.

அவன்ட கதையில உண்மை இல்லாம இல்ல. ஆனா "பிரசெல்ஸ்" எண்டு அவன் சொல்லுற ஆள் ஆர் எண்டு பாத்தா அங்கதான் எனக்கும் அவனுக்கும் சண்டை.

பாராளுமன்றத்துல 720 பேர். ஜேர்மனிக்கு 96, மோல்ட்டாவுக்கு 6. கணக்குப் போட்டா மோல்ட்டாவுல ஒரு லட்சத்துக்கும் குறைஞ்ச சனத்துக்கு ஒரு எம்பி, ஜேர்மனியில எட்டரை லட்சத்துக்கும் மேல. மச்சான்ட வோட்டைப்போல ஒன்பது மடங்கு பாரமான வோட்டு மோல்ட்டாக்காரன்ட கையில. ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றமே 2009ல, யூனியன்ட விதியளை மாத்தின லிஸ்பன் உடன்படிக்கை பற்றின வழக்குல இதைச் சுட்டிக்காட்டினது, ஆளுக்கொரு சமமான வோட்டு இல்லாத சபை இது எண்டு. எனக்கு இது பெரிய பிழையாத் தெரியல்ல. சின்ன இடத்துக்குக் கொஞ்சம் கூடக் குடுக்காட்டி பெரியவன்ட குரல் மட்டும்தான் கேக்கும், இலங்கையிலயும் மாகாணத்துக்கு நாலு எண்டு 36 சீட்டை சனத்தொகை பாக்காமத்தானே ஒதுக்கி வச்சிருக்கு. சிறுபான்மையா ஒரு கரையில இருந்து பழகினவனுக்கு இந்தக் கணக்கு லேசா விளங்கும், நாடு முழுக்கத் தன்ட ஆக்களா இருக்கிறவனுக்கு விளங்கப்படுத்துறதுதான் கஷ்டம்.

கவுன்சில்ல வேற கணக்கு. அங்க ஒரு சட்டம் பாஸ் ஆக 27 நாட்டுல 15 நாடு வேணும், அந்த நாடுகள்ட சனத்தொகை மொத்தத்துல 100க்கு 65 வேணும். தடுக்கிறதெண்டா குறைஞ்சது நாலு நாடு சேர வேணும். அதாவது ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூண்டும் ஒண்டா நிண்டாலும், யூனியன்ட பாதிச்சனம் கிட்டத்தட்ட அவங்கட கையில இருந்தாலும், நாலாவதா ஒரு நாட்டைக் கெஞ்சிக் கூட்டிவர வேணும். இதை வடிவாத்தான் யோசிச்சுச் செய்திருக்கிறாங்க.

சரி, கணக்கு வடிவு. அப்ப எங்க ஓட்டை?

டிசம்பர் மாசத்து மீன் கூட்டம் எண்டு ஒண்டு இருக்கு, திருகோணமலைக்காரருக்கு இதைச் சொன்னா உடன விளங்கும். அட்லாண்டிக், வடகடல் பக்கம் அடுத்த வருசம் எந்த மீனை எத்தனை தொன் பிடிக்கலாம், அதுல எந்த நாட்டுக்கு எவ்வளவு எண்டு மீன்பிடி அமைச்சர்மார் பிரசெல்ஸ்ல கூடி முடிவெடுக்கிறாங்க. விஞ்ஞானிகள்ட ஆலோசனை முன்கூட்டியே வந்திடும், இந்த மீன் குறைஞ்சு போச்சு, இவ்வளவுக்கு மேல பிடிக்காதீங்க எண்டு. கமிஷன் அதை வச்சு ஒரு அளவு முன்மொழியும். பிறகு விடிய விடியப் பேரம். இவன் கொட் மீனுக்குக் கொஞ்சம் கூடக் கேக்க, அவன் சோல் மீனுக்குக் கூடக் கேக்க, நீ எனக்கு ஆதரவு தா நான் உனக்குத் தாறன் எண்டு விடியக்காலமை ஒரு முடிவு வரும். 2013ல சீர்திருத்தம் செய்து, 2020க்குள்ள எல்லா மீனையும் தாங்குற அளவுக்குத்தான் பிடிக்க வேணும் எண்டு தாங்களே சட்டத்துல எழுதிப்போட்டு, அதுக்குப் பிறகும் சில மீனுக்கு விஞ்ஞானிகள் சொன்னதை விடக் கூடத்தான் வச்சாங்க. இந்தப் பங்கு பிரிக்கிறதுலயும் பாராளுமன்றத்துக்கு இடம் இல்ல, உடன்படிக்கையே இதை அமைச்சர்மார்ட கையில குடுத்திருக்கு.

பிறகு அமைச்சர் ஊருக்குப் போவார். கூட வாங்கியிருந்தா, "எங்கட மீனவருக்காக விடிய விடியச் சண்டை பிடிச்சன்" எண்டு மைக்குக்கு முன்னால நிப்பார். குறைஞ்சிருந்தா "பிரசெல்ஸ் வெட்டிப்போட்டுது". அந்த பிரசெல்ஸ் எண்ட அறைக்குள்ள இவரும் ஒரு கதிரையில இருந்தவர்தானே! கலியாணம் பேசப் போற பெரியப்பா மாதிரித்தான், உள்ளுக்க எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு வந்து, அவங்கதான் ஒரேயடியா நிண்டவங்க நான் என்ன செய்யிறது எண்டுவார், கூடப் போகாத வீட்டுக்காரர் நம்பித்தான் ஆக வேணும்.

இது மீனோட நிக்கிற விசயம் எண்டு நினைக்காதீங்க. அமைச்சர்மார் இருந்து கதைக்கிறதுக்கு முதல் தூதுவர்மாரும் அதிகாரிகளும் 150க்கு மேற்பட்ட குழுக்களா இருந்து சட்டத்துல முக்கால்வாசியையும் பேசி முடிச்சிடுவாங்க. 2018ல யூனியன்ட முறைப்பாடு விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் எமிலி ஓ'ரெய்லி இதை விசாரிச்சு நேராச் சொன்னவ, அந்தக் குழுக்கள்ல எந்த நாடு என்ன நிலைப்பாடு எடுத்தது எண்டதை ஒழுங்காப் பதியிறதே இல்ல, பதியாட்டி சனம் தன்ட அரசாங்கத்தை எப்பிடிக் கேள்வி கேக்கிறது எண்டு. என்னைக் கேட்டா யூனியன்ட ஜனநாயகக் குறை எண்டு எழுதப்பட்ட அத்தனை கட்டுரைக்கும் நடுவுல இருக்க வேண்டிய வசனம் இதுதான். பிரசெல்ஸ்ல இருக்கிற ஆரோ தெரியாத அதிகாரியை விடு, உன்ட சொந்த அமைச்சர் அங்க போய் என்ன சொன்னவர் எண்டு உனக்குத் தெரியுமா?

கமிஷனைப் பற்றியும் சொல்லத்தான் வேணும், இல்லாட்டி மச்சான் விடமாட்டான். "அவங்களை ஆர் தெரிவு செய்தது, அந்த அம்மாவுக்கு நான் வோட்டுப் போட்டனா?" எண்டு கமிஷன் தலைவி உர்சுலா வொன் டெர் லயனைப் பற்றிக் கேட்டான். போடல்ல, சரி. 2019ல கட்சிகள் எல்லாம் எங்கட தலைவர் வேட்பாளர் இவர் இவர் எண்டு படம் காட்டி வோட்டுக் கேட்டது, அந்தப் பட்டியல்ல அவட பேரே இல்ல. தேர்தல் முடிய நாட்டுத் தலைவர்மார் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து, முதலாவதா வந்த கட்சி முன்னுக்கு நிப்பாட்டின ஆளை ஒதுக்கிப்போட்டு இவவைப் போட்டாங்க. பாராளுமன்றமும் முனகிக்கொண்டு 383 வோட்டால ஒத்துக்கொண்டுது, தேவையான எண்ணிக்கைக்கு ஒன்பது வோட்டுத்தான் கூட. அது வெக்கக்கேடு எண்டதுல எனக்கும் மச்சானுக்கும் ஒரே கருத்து. ஆனா அதைச் செய்தது ஆர்? கமிஷன் இல்ல. பிரான்ஸ்ட மக்ரோன், அப்ப ஜேர்மனியை ஆண்ட மேர்க்கெல் எண்டு ஊருல வோட்டு வாங்கி வந்த ஆக்கள். திரும்பவும் அதே கதவு, அதே அறை. 2024லயாவது அவ கட்சியின்ட முதன்மை வேட்பாளரா நிண்டு, பிறகு 401 வோட்டு எடுத்தவ.

2019லயே அதே பாராளுமன்றம் பல்லும் காட்டினது, கமிஷனர் பதவிக்குப் பிரான்ஸ், ஹங்கேரி, ருமேனியா மூண்டும் அனுப்பின ஆக்களைத் திருப்பி அனுப்பிச்சுது, பிரான்ஸ் மாதிரிப் பெரிய நாட்டுக்கே "வேற ஆளைக் கொண்டு வா" எண்டு. 1999ல சான்டேர் தலைவரா இருந்த கமிஷன் முறைகேட்டு அறிக்கை வந்ததோட மொத்தமா ராஜினாமா செய்தது, பாராளுமன்றம் தூக்கி எறியப் போகுது எண்ட பயத்துலதான். இலங்கையில ஒரு முழு மந்திரிசபை கணக்கறிக்கைக்குப் பயந்து வீட்டுக்குப் போனதைக் காட்டுங்க பாப்பம்.

ஆனா பாராளுமன்றம் சத்தம் போட்டாலும் விசை அதுட கையில இல்ல எண்டதுக்கு எங்கட கதையே சாட்சி. 2021 ஜூன்ல பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டு வந்தாங்க, 628 பேர் ஆதரவு, 15 பேர்தான் எதிர்ப்பு. தேவையெண்டா ஜீஎஸ்பி பிளஸ் எண்ட ஏற்றுமதி வரிச்சலுகையைத் தற்காலிகமா நிப்பாட்டுறதை யோசியுங்க எண்டு கமிஷனைக் கேட்டது. அந்த நாள் இங்க பேஸ்புக்கைத் திறந்தா ஜெனீவாவுல ஜெயிச்ச மாதிரிக் கொண்டாட்டம், கொழும்புப் பக்கம் ஐயோ போச்சே எண்டு ஒப்பாரி. ரெண்டு பகுதியும் அவசரப்பட்டுது. 628 பேர் கையைத் தூக்கினாலும் அது யோசனைதான், சலுகை அப்பிடியே இருக்கு. அதே சலுகை 2010 ஓகஸ்ட் 15ல போனது எண்டா கவுன்சில் முடிவெடுத்ததால போனது. திரும்ப 2017 மே மாசம்தான் வந்தது.

ஒரு நாட்டுக்கு எவ்வளவு செல்வாக்கு எண்டதும் சும்மா அளவு பாத்துச் சொல்லுற விசயம் இல்ல. ஐரிஷ்காரர் 2008ல லிஸ்பன் உடன்படிக்கைக்கு வேண்டாம் எண்டு வோட்டுப் போட்டாங்க. கமிஷனர்மார்ட தொகையைக் குறைச்சு, எல்லா நாட்டுக்கும் எப்பவும் ஒரு கதிரை இருக்காது எண்டு அதுல இருந்தது. வேண்டாம் எண்டதால, சரி நாட்டுக்கு ஒரு கமிஷனர் வச்சிருப்பம் எண்டு மத்த ஆக்கள் இறங்கி வந்து, 2009ல அயர்லாந்து திரும்ப வோட்டுப் போட்டு ஓம் எண்டுது. இண்டைக்கு 27 கமிஷனர் இருக்கிறதுக்கு அந்தச் சின்ன நாடுதான் காரணம். (ஒருக்கா வேண்டாம் எண்ட சனத்திட்டத் திரும்பக் கேக்கிறது சரியா எண்டது வேற சண்டை.) கிரேக்கத்துல 2015 ஜூலை 5ல கடன் குடுத்தவங்கட நிபந்தனை வேண்டாம் எண்டு 100க்கு 61 பேர் வோட்டுப் போட்டும், எட்டு நாளில அதை விட இறுக்கமான நிபந்தனைக்கு அவங்கட பிரதமர் ஒத்துக்கொள்ள வேண்டி வந்துது, ஏனெண்டா அவனுக்குக் காசு தேவை, கடன் குடுக்கிறவனுக்கும் ஊருல வோட்டர் இருக்கிறான். அந்தக் கடன் பேச்சு மாசக்கணக்கா நடந்த யூரோகுரூப், அதாவது யூரோ பாவிக்கிற நாடுகள்ட நிதி அமைச்சர்மார் கூடுற கூட்டம், உடன்படிக்கைப்படியே முறைசாராத கூட்டம்தான். ஒரு நாட்டுச் சனத்தின்ட தலையெழுத்தை எழுதின கூட்டம் முறைசாராத கூட்டம்!

2023ல ஹங்கேரிப் பிரதமரா இருந்த ஓர்பான் வேற ரகம். வெளியுறவு, வரி, புது நாட்டைச் சேர்க்கிறது எண்ட விசயங்களுக்கு எல்லாரும் ஒத்துக்கொள்ள வேணும், ஒருத்தன் இல்லை எண்டா நிக்கும். 2023 டிசம்பர்ல உக்ரைனோட சேர்க்கைப் பேச்சுத் தொடங்குறதுக்கு அவர் ஒரேயடியா எதிர்ப்பு. கடைசியில முடிவெடுக்கிற நேரம் ஆள் அறைக்கு வெளிய போய் நிண்டார், மிச்ச 26 பேரும் முடிவெடுத்தாங்க. ஊருக்கு வந்து நான் ஒத்துக்கொள்ளல்ல எண்டு சொல்லலாம், அங்க வேலையும் நடந்துட்டுது. தந்திரம்தான், ஆனா அப்ப அந்த முடிவுக்கு ஹங்கேரிச் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஆர்?

அதால எனக்குப் பிடிச்சது டென்மார்க் முறை. 1973ல சேர்ந்த காலம் தொட்டு அங்க பாராளுமன்றத்துல ஒரு ஐரோப்பியக் குழு இருக்கு, 17 எம்பிமார். முக்கியமான விசயமெண்டா அமைச்சர் பிரசெல்ஸ் போறதுக்கு முதல், வழக்கமா வெள்ளிக்கிழமையில, அந்தக் குழுவுக்கு முன்னால வந்து, நான் இதுக்கு இப்பிடிக் கேக்கப் போறன், இதுக்கு மேல விட்டுக் குடுக்கமாட்டன் எண்டு சொல்ல வேணும். குழுவுல பெரும்பான்மை எதிர்க்காட்டி போகலாம். எதிர்த்தா அந்த நிலைப்பாட்டோட போக ஏலாது. அங்க போய்ப் பேரம் மாறினாத் திரும்ப குழுவைக் கேக்க வேணும். டென்மார்க்ல கனநேரம் சிறுபான்மை அரசாங்கங்கள்தான் எண்டதால குழுவுக்கு உண்மையாப் பலமும் இருக்கு. ஊருக்கு வந்து பிரசெல்ஸ் வெட்டிப்போட்டுது எண்டு அளக்கிற சோலி அங்க லேசில வாய்க்காது, போகேக்க என்ன சொல்லிட்டுப் போனவர் எண்டு 17 பேருக்குத் தெரியும்.

தேசியப் பாராளுமன்றங்களுக்கு வேற ஒரு ஆயுதமும் இருக்கு, மூண்டில ஒரு பங்கு எதிர்த்தா கமிஷன் தன்ட முன்மொழிவைத் திரும்பப் பாக்க வேணும். அதுக்கும் பேர் மஞ்சள் அட்டைதான், எங்கட மீனுக்குக் காட்டினவங்களுக்கே காட்டுற அட்டை. 2009க்குப் பிறகு மூண்டு தரம்தான் காட்டியிருக்கிறாங்க, அதால அதுல பெரிசா நம்பிக்கை வைக்க ஒண்டும் இல்ல.

இதெல்லாத்தையும் ஏன் இவ்வளவு மினக்கெட்டு எழுதுறன் எண்டா, தூரத்துல இருக்கிற சபையில காரணத்தைப் போடுற பழக்கம் எங்களுக்கும் நல்லா இருக்கு. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர்ல. 37 பேர் கொண்ட சபை 2017ல காலம் முடிஞ்சு கலைஞ்சுது, அண்டைக்கு இருந்து ஜனாதிபதி போடுற ஆளுநர்தான். 30 வயசுப் பொடியன் ஒருத்தன் இந்த ஊருல மாகாண சபைக்கு ஒருக்காவும் வோட்டுப் போட்டிருக்கமாட்டான், டோர்ட்முண்ட்ல என்ட மருமகள் 17 வயசுல 27 நாட்டுப் பாராளுமன்றத்துக்குப் போட்டுட்டா. கேட்டா கொழும்பு எண்டுவம். கொழும்புல என்ன நடந்தது எண்டு பாத்தா, 2017ல தேர்தல் முறையை மாத்தி ஒரு சட்டம், அதுக்கு எல்லை பிரிக்க ஒரு அறிக்கை, 2018 ஓகஸ்ட்ல அந்த அறிக்கைக்கு ஆதரவா ஒரு வோட்டும் விழல்ல, கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்துப் போட்டார். பழைய முறையும் இல்ல, புது முறையும் இல்ல, தேர்தலும் இல்ல. அந்தச் சபைக்குள்ள எங்கட எம்பிமாரும் இருந்தவங்கதானே. நாங்க அனுப்பின ஆள் அந்தச் சட்டத்துக்கு எந்தப் பக்கம் கை தூக்கினவர் எண்டு இங்க பத்துப் பேரைக் கேட்டா எத்தனை பேர் சொல்லுவாங்க எண்டு நினைக்கிறீங்க?

டென்மார்க் கதையை மச்சானுக்குச் சொன்னன். ஜேர்மன் அரசியலமைப்பு 23ம் பிரிவுலயும் இப்பிடி ஒண்டு இருக்கு, பாராளுமன்றம் கருத்துச் சொல்லலாம், அரசாங்கம் அதைக் கணக்கில எடுக்க வேணும் எண்டதையும் சொன்னன். அவன் கேள்விப்பட்டிருக்கல்ல, ஆனா லேசில விடுற ஆளும் இல்ல. "டேய், 27 அமைச்சரும் ஊருல கையைக் கட்டி அனுப்பினா அங்க ஆர் ஆருக்கு விட்டுக் குடுக்கிறது, ஒரு முடிவும் வராது" எண்டான். நியாயமான கேள்விதான். டென்மார்க் சின்ன நாடு, அது பிடிவாதம் பிடிச்சாலும் மிச்ச ஆக்கள் கணக்குப் பாத்துத் தாண்டிப் போகலாம், ஜேர்மனி பிடிச்சா தாண்டிப் போறது லேசு இல்ல. முழுசாக் கையைக் கட்ட வேண்டாம், என்ன சொன்ன, எதை விட்டுக் குடுத்த எண்டதை வந்து ஊருக்குச் சொல்லு எண்டாவது சட்டம் போடலாமே எண்டன். சொன்னா அடுத்த முறை பேரத்துல எதிராளிக்கு எங்கட பலவீனம் தெரிஞ்சிடும் எண்டான். அதுக்கு என்னட்ட முழுப் பதில் இல்ல, ஆனா எதிராளிக்குத் தெரியக்கூடாது எண்டு சொந்தச் சனத்துக்கும் தெரியாம வைக்கிறதுல எனக்கு இண்டைக்கும் உடன்பாடு இல்ல. அடுத்த ஐரோப்பியத் தேர்தல் 2029ல. தான் போறானோ இல்லையோ எண்டு அவன் இன்னும் சொல்லல்ல, மகள் போவா.